ரேகை முளைத்த விரல்கள்

பயிற்சி முடித்து நிலையங்களுக்கு வரும் புதுக் காவலர்களுக்காக ஒரு மலர் போடுகிறார்களாம். என்னோடு வேலை பார்த்து இப்போதும் பணியில் இருக்கும் ஒரு பெண் வீட்டுக்கு வந்து, "ஏட்டம்மா, உங்க சர்வீஸ்ல நடந்தத நாலு பக்கம் எழுதிக் குடுங்க. கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும், புதுசா வர்றவங்க படிக்கணும்" என்றாள். நான் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். ஆனாலும் ஆரணியில் என்னை ஏட்டம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பெயர் எஸ்தர் என்பது சர்ச்சில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

ஒத்துக்கொண்டேன். ஆடிக் கிருத்திகை பந்தோபஸ்தில் என் ஒரு கால் பூட்சை மட்டும் யாரோ போட்டுக்கொண்டு போனது, மைக்கில் பேசத் தெரியாமல் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டது என்று இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

என் மகள் ரூபி இப்போது காவலர் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறாள். ஞாயிறு மாலை மட்டும் செல்பேசியைக் கையில் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் அவள் சாப்பிட்டாளா, கவாத்தில் மயங்கி விழுந்தாளா என்று நானாக நினைத்துப் பயந்துகொண்டிருப்பேன். அன்று போனை எடுத்ததும் அவள் குரல் துள்ளியது.

"மா, கைரேகை க்ளாஸ் நடந்துச்சு மா. வெளியிலேர்ந்து ஒரு சார் வந்தாரு, ரிட்டையர்டு டி.எஸ்.பி. இன்னாமா பாடம் எடுக்கறாரு தெரியுமா! ஒருத்தர் கூட தூங்கல. நானே தூங்கலன்னா பாத்துக்க."

"நீ தூங்கலன்னா பெரிய ஆளுதான்."

"கேளு மா. நம்ம ஊரு கேஸ் ஒண்ணு சொன்னாரு. ஆரணின்னதும் எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க. ஒரு திருடன் கைரேகைய கல்லுல தேச்சி அழிச்சிட்டானாம். சாரு அவன அடிக்கல, திட்டல. டெய்லி ஸ்டேஷனுக்குக் கூப்ட்டு டீ குடுத்து உக்கார வெச்சாராம். கல்லுல தேய்க்க முடியாம போச்சா, ரேகை மறுபடி புல்லு மாதிரி மொளச்சிடுச்சாம். அவன் அழுதுகினே எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டானாம். வெறும் பொறுமையிலயே ஒரு கேஸ முடிச்சிருக்காரு மா!"

"அந்த சார் பேரு இன்னா?"

"சுகுமாரன் சார். உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்வதற்குள் அங்கே விசில் அடித்தார்கள். அணிவகுப்பு. போன் கட்டாகிவிட்டது.

எழுதிவைத்திருந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அந்தத் திருடனின் பத்து விரல்களிலும் முதலில் மை தடவியவள் நான்தான். அவர் திருடன் இல்லை. அவர் எதையும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை; எடுத்துக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. என் பிள்ளை அந்தக் கதையை நம்பி, அதையே பாடமாக மனதில் வைத்துக்கொண்டு, நாளைக்கு ஒரு நிலையத்தில் யாரோ ஒருவரின் விரலைப் பிடிக்கப்போகிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மலரில் போடுவார்களா என்பது வேறு விஷயம்.

சுகுமாரன் அய்யா எனக்கும் பாடம் எடுத்தவர். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விடியலில் ஓட்டம், வெயிலில் கவாத்து, மதியத்துக்கு மேல் சட்ட வகுப்பில் கண் சொருகல். பெரும்பாலான பயிற்றுநர்கள் எங்களை 'ஏய்' என்பார்கள். அவர் ஒருவர்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தெற்குப் பக்கத்துக்காரர். சட்டைக் கை மடிப்பு கத்தி மாதிரி இருக்கும். பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டை. ஒன்று தனக்கு, ஒன்று மை பட்ட விரலைத் துடைத்துவிட.

கைரேகை எடுப்பதை அவர் சொல்லிக்கொடுத்த விதம் இன்றும் என் கைக்கு நினைவிருக்கிறது. முதலில் அந்த ஆளின் கையைக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் கடுகளவு மை வைத்து, கீழே எழுத்து இருந்தால் படிக்க முடிகிற அளவுக்கு மெல்லியதாக உருளையால் தேய்க்க வேண்டும். ஆளை நம் வலப்பக்கம் நிற்க வைத்து, வேறெங்காவது பார்க்கச் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தால் அவர் தானாக விரலை அழுத்துவார், ரேகை கலங்கிவிடும். விரலை நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே உருட்டில் உருட்டி எடுக்க வேண்டும்.

"விரல் அவருடையது. வேலை உங்களுடையது. அவர் உதவி செய்ய வேண்டியதில்லை" என்பார்.

விசாரணைக்கு வந்தவர்களை அவர் 'வாங்க, உக்காருங்க' என்றுதான் சொல்வார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் அதுதான் நியாயம் என்று பட்டது. இப்படி ஒரு போலீஸ்காரராக ஆக வேண்டும் என்று எங்கள் அணியில் நான் மட்டுமல்ல, பல பேர் நினைத்தோம்.

அவர் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு. "ரேகை பொய் சொல்லாது. ரேகை இல்லாமல் இருந்தால் அதுவும் பொய் சொல்லாது. தொழில்முறைக் குற்றவாளி விரலைக் கருங்கல்லில் தேய்ப்பான். தேய்ப்பதை நிறுத்தினால் தோல் வளரும், பழைய ரேகையே திரும்ப வரும். இயற்கையிடம் யாரும் ஒளிய முடியாது." நாங்கள் எழுதிக்கொண்டோம். தேர்வில் எழுதினோம். எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது.

நான் ஏட்டாகி ஆரணிப் பக்கத்து நிலையம் ஒன்றில் இருந்தபோது அவர் அங்கே ஆய்வாளராக மாறுதலில் வந்தார். என்னைப் பார்த்ததும், "எஸ்தர்தானே? ரெண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம்" என்றார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவர் வந்த பிறகு நிலையத்தில் யாரும் யார்மேலும் கை வைக்கவில்லை. ரைட்டர் கோவிந்தன் கூட, "லத்தியெல்லாம் கரையான் அரிச்சிடும் போலக்குது ஏட்டம்மா. பேசாம அடுப்புக்கு எடுத்துகினு போவட்டா?" என்று கேலி செய்வார்.

அப்போதுதான் பட்டு முதலாளி ஒருவரின் சரக்கறையில் திருட்டு. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் இருக்கும் தறிகளுக்கு வேலை கொடுக்கிறவர். இரும்பு பீரோவில் வைத்திருந்த ஜரிகைக் கட்டுகள் காணவில்லை. பூட்டு உடையவில்லை. மாவட்டத்திலிருந்து கைரேகை நிபுணர் வந்து தூள் தூவிப் பார்த்தார். பீரோக் கதவில் விரல் பட்ட இடம் இருந்தது, கோடு எதுவும் இல்லை. "ஒப்பிடத் தகுதியற்றது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் எழுதியது. நன்றாகப் பதியவில்லை, பயன்படாது என்று அதற்கு அர்த்தம்.

அய்யா அந்தத் தாளை நிதானமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பதியவில்லையா, பதிய ஒன்றும் இல்லையா? யோசிங்க எஸ்தர்."

அந்த அறைக்குள் போய் வருகிற எல்லோருடைய ரேகையும் எடுக்கச் சொன்னார். கணக்குப்பிள்ளை, நெசவாளர்கள், பாவு சுற்றுகிறவர்கள் என்று வரிசையாக வந்தார்கள். கடைசியாக ஏகாம்பரம் வந்தார். ஏரிக்கரைப் பக்கம் சாயப்பட்டறையில் வேலை செய்பவர். சாயம் போட்ட பட்டுக் கட்டுகளை முதலாளியின் அறையில் கொண்டுபோய் வைப்பது அவர்தான். ஐம்பது வயதை நெருங்கியவர், ஒல்லி. வந்ததும் கையை நீட்டி, "மன்னிச்சிக்கோங்க ஏட்டம்மா, இந்தக் கை எப்பவுமே சுத்தமா இருக்காது" என்றார். வலது கை மணிக்கட்டுவரை மயில்கழுத்து நிறம். நகக்கண்ணில் அரக்கு.

சோப்புப் போட்டுக் கழுவினேன். துடைத்தேன். வேறெங்காவது பார்க்கச் சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டைவிரலை உருட்டி எடுத்தேன். தாளில் ஒரு கறுப்பு முட்டை விழுந்தது. மை அதிகமோ என்று மறுபடி எடுத்தேன். மறுபடி முட்டை. பத்து விரலும் அப்படியே.

எனக்கு ஆச்சரியம் எதுவுமில்லை. ஆரணியில் பிறந்தவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பட்டுநூலில் இருக்கும் பசை போக, சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அலசுவார்கள். பிறகு சாயத் தொட்டி, பிறகு தண்ணீர், பிறகு மறுபடி தொட்டி. நாள் முழுக்கக் கை அதற்குள்தான் கிடக்கும். விரல் நுனி கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். இன்றைக்கு ரேஷன் கடை விற்பனையாளருக்கே இது தெரியும்.

அய்யா தாளைக் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. வகுப்பில் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, முதல்முறையாக அவர் எதிரில் வந்து நின்றது போல.

"வாங்க ஏகாம்பரம், உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?"

"அய்யா," என்றேன், "சாயம் போடறவங்க கையெல்லாம் இப்படித்தான் அய்யா இருக்கும்."

"இருக்கலாம். சொன்னா போதாது எஸ்தர், காட்டணும். வகுப்புல என்ன சொன்னேன்?"

காட்டினேன். அதே பட்டறையில் வேலை செய்யும் இன்னும் இரண்டு பேரை நானே போய்க் கூப்பிட்டு வந்தேன். சிரித்துக்கொண்டே வந்தார்கள். "இன்னா ஏட்டம்மா, எலக்சனா? மையெல்லாம் வெச்சிகினு குந்தியிருக்க?" என்றான் ஒருவன். "நம்ம ஏகாம்பரத்துக்காவ ஒரு கை குடுங்கப்பா" என்றேன். "ஒரு கை இன்னா, ரெண்டு கையும் எடுத்துக்கோ" என்று நீட்டினான். அவர்களுக்கும் முட்டைதான். முப்பது முட்டைகளையும் அய்யா மேஜையில் வரிசையாக வைத்தேன். பயிற்சியில் சொன்னபடியே, ஒவ்வொன்றின் கீழும் பெயரும் தொழிலும் எழுதி.

அய்யா என்னைப் பாராட்டினார். மனதாரத்தான் பாராட்டினார். "இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரே பட்டறை. மூணு பேருக்கும் ரேகை இல்லை. ஒரு கும்பல்னு ஏன் யோசிக்கக் கூடாது?"

மறுநாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். டீ கொடுத்துத்தான். ஆள் இல்லாமல் பட்டறையில் தொட்டி காய்ந்தது. சில நாள் கழித்து, அவர்கள் அந்தச் சரக்கறைக்குள் கால் வைத்ததே இல்லை என்று தெரிந்து அனுப்பிவிட்டார். போகும்போது ஒருவன் என் முகத்தைப் பார்த்து, "ஒத்தனுக்கு வந்த பேஜார மூணு பேருக்குப் பங்கு போட்டுக் குடுத்துட்டியேம்மா. நல்லா இரு" என்றான். இன்றுவரை அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

ஏகாம்பரம் மட்டும் தினமும் வர வேண்டும் என்று ஆனது. காலையில் வருவார், சாயந்திரம் போவார். கைது இல்லை, அடி இல்லை, வசவு இல்லை. அய்யா ஒரு நாளைக்கு ஒரு முறை கூப்பிட்டு, "எப்ப சொல்லலாம்னு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்பார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அய்யா" என்பார். "அவசரமில்லை. நாளைக்குப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்.

பூட்டு உடையவில்லையே, சாவி யார் யாரிடம் இருந்தது என்று ஒருமுறை கேட்டேன். "அதுவும் பார்ப்போம். முதலில் ரேகை" என்றார். அதட்டிச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அந்தக் குரலை எதிர்த்து எப்படிப் பேசுவது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஏகாம்பரத்தின் மனைவி மல்லிகா மதியச் சாப்பாடு கொண்டுவருவார். வாசலில் நின்றே என்னைக் கூப்பிட்டு, "ஏட்டம்மா, ஜல்தியா முடிச்சி உடச் சொல்லும்மா. ஊருல ஒருத்தரும் எங்க ஊட்டாண்ட நின்னு பேச மாட்டன்றாங்க. ஒதச்சாலாவது ஒரு நாள்ல முடிஞ்சிடும். இது இன்னா இது, டெய்லி டீ குடுத்துகினு?" என்று அழுவார். ரைட்டர் கோவிந்தனுக்கே கேலி வரவில்லை.

தொட்டியில் கை வைக்காமல் வாரங்கள் போயின. முதலில் நிறம் வெளுத்தது. பிறகு விரல் நுனியில் தோல் உரிந்தது. ஒரு மதியம் ஏகாம்பரம் டீ குடித்துவிட்டு எவர்சில்வர் டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சட்டென்று எழுந்து என் மேஜைக்கு ஓடிவந்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் முன்னால் பார்த்ததில்லை.

"ஏட்டம்மா! இங்க பாருங்க! வந்துகினு இருக்குது!"

டம்ளரில் கட்டைவிரல் பட்ட இடத்தில் மெல்லிய சுழி. ஒன்றுக்குள் ஒன்றாக, பாக்கை வெட்டினால் தெரியுமே, அந்த மாதிரி.

நான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன். "ஏகாம்பரம், இத யாருகிட்டயும் காட்டாதீங்க. சொல்றத கேளுங்க."

"ஏன்மா? ரேகை இல்லன்னுதான குந்த வெச்சாரு? வந்துடுச்சே! என்னுது வேற, பீரோவுல கீறது வேறன்னு இப்ப தெரிஞ்சிடுமில்ல?"

பீரோவில் இருந்ததில் ஒப்பிட ஒன்றும் இல்லை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? நான் வாய் திறப்பதற்குள் ஏகாம்பரம் அய்யாவின் அறை வாசலில் போய் நின்றுவிட்டார். இரண்டு கையையும் விரித்து, பிள்ளைகள் கை கழுவிவிட்டு வந்து காட்டுவது போல நீட்டினார்.

"அய்யா, ரேகை வந்துடுச்சுங்க. எடுத்துக்கோங்க. என்ன ஊட்டுக்கு அனுப்பிடுங்க."

அய்யா எழுந்து வந்தார். இந்த முறை அவரே எடுத்தார். கடுகளவு மை. மெல்லிய தேய்ப்பு. நகத்தின் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே உருட்டு. வகுப்பறையில் பார்த்த அதே கை, அதே நிதானம். பத்து விரலும் அச்சு மாதிரி விழுந்தன. முடிந்ததும் இரண்டாவது கைக்குட்டையை எடுத்து, ஏகாம்பரத்தின் விரல்களை ஒவ்வொன்றாகத் தானே துடைத்துவிட்டார். அவர் துடைத்துவிட்ட விதத்தைப் பார்த்து ஏகாம்பரம் கண் கலங்கினார். விட்டுவிடப்போகிறார் என்று நினைத்தார்.

"எஸ்தர், கைது பதிவு பண்ணச் சொல்லுங்க."

"அய்யா…"

"தேய்க்கறதை நிறுத்தினால் வளரும். வளர்ந்திருக்கு. அப்ப இத்தனை நாள் தேய்ச்சிருக்கார். இதுக்கு மேல என்ன வேணும்?"

"அவரு வேலைக்குப் போவல அய்யா. அதனால வளர்ந்திருக்கு. தொட்டியில கை வெக்கல."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். மந்தமான மாணவியைப் பார்ப்பது போல. "உங்க ஊர்க்காரர். வருத்தமா இருக்கும். புரியுது."

ஏகாம்பரம் ரிமாண்டில் வேலூர் போனார். அவருடைய பத்து ரேகையையும் பழைய குற்றவாளிகளின் ரேகைகளோடு ஒப்பிட அனுப்பினோம். எதனோடும் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. "இதுவரை மாட்டாதவர்" என்றார் அய்யா. ஜாமீன் கிடைத்து வெளியே வந்தார் ஏகாம்பரம். ஜரிகை கிடைக்கவே இல்லை. சாவி விஷயத்தை யாரும் கேட்கவும் இல்லை. அய்யா பதவி உயர்வில் போய்விட்டார். பின்னால் வந்தவர்கள் அந்த வழக்கைத் துப்புத் துலங்காதது என்று மூடினார்கள். ஏகாம்பரம் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஏகாம்பரம் அதற்குப் பிறகு சாயத் தொட்டியில் கை வைக்கவில்லை. பட்டறைக்காரர் நல்லவர், வந்து கூப்பிட்டார். போகவில்லை. நானும் போய்ச் சொன்னேன்.

"வெச்சா திரும்ப அழிஞ்சிடும்மா" என்றார்.

"கிளவுஸ் போட்டுகினு செய்யலாமே?"

"கிளவுஸ் போட்டா அதுக்கும் ஒரு பேரு வெச்சிடுவாங்க. நூல தொட்டுப் பாத்தாதான் சாயம் ஏறிச்சா தெரியும். ஒறைய மாட்டிகினு இன்னா தெரியும்?" பிறகு கையை என் பக்கம் நீட்டினார். "பாரும்மா. நல்லா கீதா?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

கல்யாண மண்டபம் ஒன்றில் காவலுக்கு உட்கார்ந்தார். பாத்திரம் கழுவச் சொன்னால் மாட்டேன் என்பாராம். துணி துவைக்க மாட்டார். சுண்ணாம்பு தொட மாட்டார். "கையப் பாத்துகினே குந்திகினு கீறாருங்க. ராஜா வைர மோதிரத்த பாக்கற மாதிரி" என்று மல்லிகா சொன்னார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. எங்கே என்னைப் பார்த்தாலும் ஏகாம்பரம் கையை நீட்டுவார். சந்தையில், பேருந்து நிறுத்தத்தில், ஒருமுறை சர்ச் வாசலில். "கீதாம்மா?" நான் பார்த்துவிட்டு, "கீதுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் நகர்வார்.

ரேஷன் கடைக்குக் கைரேகை இயந்திரம் வந்தபோது நான் வரிசையில் நின்றிருந்தேன். நெசவுக்காரர்கள், சாயக்காரர்கள், நூல் இழைக்கிறவர்கள், ஒருவருக்கும் விழவில்லை. விற்பனையாளர் துணியால் துடைக்கச் சொன்னார், தலையில் தேய்க்கச் சொன்னார், ஊதச் சொன்னார். "பட்டு நெய்யற ஊருல வந்து வெரல கேக்குது பாரு இந்த மெசினு" என்று ஒரு அம்மா திட்டினாள். அப்போது ஏகாம்பரம் வந்தார். கட்டைவிரலை வைத்தார். முதல் தடவையே பச்சை விளக்கு எரிந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவருக்கு உழாம? போலீஸ்காரங்க டீ ஊத்தி வளத்த ரேகையாச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை, இயந்திரத்தின் மேல் இருந்த எரிச்சலில் சிரித்தார்கள். ஏகாம்பரம் சர்க்கரைப் பையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் திரும்பவில்லை. அன்று மட்டும் கையை நீட்டவில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். நான் போயிருந்தேன். கைகளை மார்பின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். வெள்ளையாக, மென்மையாக, ஆபீஸ் வேலை பார்த்தவர் கை மாதிரி இருந்தன. மல்லிகா என்னைப் பார்த்துவிட்டு, துணியை இழுத்து அந்தக் கைகளை மூடினார்.

விருப்ப ஓய்வுக்கு நான் முதுகுவலி என்று காரணம் எழுதினேன். அதுவும் உண்மைதான். ரூபி காவலர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டபோது வேண்டாம் என்றேன். "நீ மட்டும் அத்தன வருசம் போட்டுகினு இருந்தியே, எனக்கு மட்டும் ஏன் வேணாம்?" என்று கேட்டாள். நேரம் வரும்போது சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அதற்குள் வகுப்பறை முந்திக்கொண்டது.

நேற்று ஞாயிறு. போன் வந்ததும் சாப்பாடு பற்றிக்கூடக் கேட்காமல் சொல்ல ஆரம்பித்தேன். மேலே எழுதியிருப்பதை எல்லாம் சொன்னேன். முட்டை முட்டையாக விழுந்தது, டம்ளர், கைக்குட்டை, ரேஷன் கடை. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மா," என்றாள் கடைசியில். "அவரு பொய் சொல்ற மாதிரி இல்லியே மா."

"பொய் சொல்லல ரூபி."

"அப்புறம்?"

"அவருக்கு அப்படித்தான் நெனப்பு. அவன் அழுதான், எடுத்துக் குடுத்தான்னு இத்தன வருசமா சொல்லிச் சொல்லி அவருக்கே நடந்த மாதிரி ஆயிடுச்சி."

"அந்த ஏகாம்பரம்… நம்ம ஊட்டுக்கு ஒரு தடவ வந்திருக்காரா? கையக் காட்டிகினு நின்னாரே, அவரா?"

"அவருதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது. சொல்லிவிட்டேன், பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

"மா, வர்ற வாரம் உள்தேர்வு. இந்தக் கேள்வி கண்டிப்பா வரும்னு சொல்லிட்டாங்க. 'அழிக்கப்பட்ட ரேகையை மீட்பது எப்படி, ஒரு வழக்கோடு விளக்குக'ன்னு. அவருதான் திருத்தறாராம்."

எழுதிவைத்திருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தேன்.

"நீ சொன்னத எழுதினா மார்க் போடுவாரா?"

"போட மாட்டாரு."

"மார்க் கொறஞ்சா பேட்ச்லயே கடைசிக்குப் போய்டுவேன் மா. போஸ்டிங் எங்கனா தூரமா தூக்கிப் போட்டுடுவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நான் இன்னா மா எழுதட்டும்?"

தூரத்தில் எங்கோ ஓர் ஊரில், எனக்குத் தெரியாத ஒரு நிலையத்தில், அவள் தனியாக இருப்பதை நினைத்தேன். வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. அங்கே விசில் அடித்துவிட்டார்கள். "ஜல்தி சொல்லு மா, போன குடுக்கணும்."

"அவரு சொன்னதயே எழுதிடும்மா" என்றேன்.

"சரி மா" என்றாள். அவள் குரலில் நிம்மதி இருந்தது.